முணுமுணுக்கும் குமாஸ்தாவும் நானும்

என் வேலையை இப்போது ஒரு டேப்லெட் செய்கிறது. இதைக் கேட்டு உச்சுக் கொட்டுகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அது என்னைவிட நன்றாகவே செய்கிறது. நொடிக்கு ஒரு எண் வீதம் வாசிக்கிறது. இருமுவதில்லை, கொட்டாவி விடுவதில்லை, சரியான பதில் வந்தால் முகம் மலர்வதில்லை. இந்த மூன்றையும் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று வருடம் ஆயிற்று. போன மாதம் நான் ஓய்வு பெற்றபோது, பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிரியா, "ஆன்ட்டி, பழைய கேஸ் ஏதாவது எழுதிக் குடுங்க லா, நியூஸ்லெட்டர்ல போடலாம், ஒரு பேஜ் போதும்" என்றாள். ஒரு பக்கத்தில் அடங்குகிற வாயா என்னுடையது?

நான் டாக்டர் இல்லை. ஒரு மருத்துவமனையின் உளவியல் பிரிவில் சோதனையாளராக இருந்தேன். தலையில் அடிபட்டவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், வீட்டுச் சாவியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டுத் தேடுகிறவர்கள் என்று எல்லோரும் என் மேசைக்கு முன்னால் வந்து உட்காருவார்கள். நான் எண்களை வாசிப்பேன். அவர்கள் கேட்டு, அதே வரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில் மூன்று எண், பிறகு நான்கு, ஐந்து என்று நீளும். ஒவ்வொரு நீளத்துக்கும் இரண்டு வாய்ப்பு. இரண்டிலும் தவறினால் அங்கே நிறுத்திவிட வேண்டும். பிறகு பின்னாலிருந்து முன்னால் சொல்லச் சொல்வோம். கேட்பதற்குக் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் அந்தத் தாளில் நான் போடுகிற எண்ணைப் பார்த்துத்தான் ஒருவர் மறுபடி பஸ் ஓட்டலாமா, வீட்டில் தனியாக இருக்கலாமா என்றெல்லாம் முடிவாகும்.

அதற்கு முன் நான் பதிவேட்டுப் பிரிவில் கோப்பு தேடுகிற குமாஸ்தா. தமிழ், மலாய், ஆங்கிலம், சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்கு ஹொக்கியன் சீனம் தெரியும் என்பதால் மேலே தூக்கிப் போட்டார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்வதென்றால், புக்கிட் பாத்தோக்கிலிருந்து எம்ஆர்டி ரயிலில் வரும்போது "ஏழு... மூன்று... ஒன்பது..." என்று நொடிக்கு ஒன்றாகச் சொல்லிப் பழகுவேன். நெரிசல் நேரத்திலும் என் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். வீட்டில் கணவரை உட்கார வைத்துப் பழகினேன். அவர் பொறுமையாகத் திருப்பிச் சொல்வதைப் பார்த்து, பெண்டாட்டியின் வேலைக்கு இவ்வளவு ஒத்தாசையா என்று பூரித்துப்போனேன். மனுஷன் அந்த எண்களில் ஃபோர் டி லாட்டரிச் சீட்டு எடுத்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒன்றும் விழவில்லை.

என் மேலதிகாரி டாக்டர் லிம், ஒரு சீனப் பெண்மணி. என்னைவிட ஆறு வயது இளையவர், பத்து மடங்கு கண்டிப்பானவர். அவருடைய முகத்தில் எதுவும் தெரியாது. லாட்டரியில் கோடி விழுந்தாலும் சரி, மேசைக்குத் தீப்பிடித்தாலும் சரி, ஒரே முகம். என்னிடமும் அதையே எதிர்பார்த்தார். என்னுடைய பெரிய வியாதி தலையாட்டுவது. பதில் சரியாக இருந்தாலும் ஆட்டுவேன், தப்பாக இருந்தாலும் ஆட்டுவேன். ஒரு சீன முதியவர் பாதியில் நிறுத்தி, இந்த அம்மா ஆமாம் என்கிறாரா இல்லை என்கிறாரா என்று டாக்டரிடமே கேட்டுவிட்டார். மறுநாள் டாக்டர் லிம், உணவங்காடியில் இடம்பிடிக்க மேசையில் போடுவோமே, அந்த டிஷ்யூ பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து என் தலையில் வைத்தார். அது விழாமல் எண்களை வாசிக்க வேண்டும். இரண்டு மாதம் மதிய வேளைகளில் தலையில் டிஷ்யூவோடு உட்கார்ந்திருந்தேன். வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போன தாதியர் என்ன நினைத்தார்களோ.

இரண்டாவது கட்டளை, எழுதிக் கொடுத்த வாசகத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது. "நன்றாகச் செய்கிறீர்கள்" கூடாது. "சாப்பிட்டீர்களா" கூடாது. நம் ஊர்க்காரர்களைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டீர்களா என்று கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு எங்கே தெரியும்? அதற்காக இரண்டு முறை எச்சரிக்கை வாங்கினேன்.

சோதனையின் பின்னால் இருக்கிற சங்கதியை அவர் முதல் வாரமே ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கியிருந்தார். ஒரு காரியத்தைச் செய்துகொண்டிருக்கும்போது, அந்தச் சில நொடிகளுக்கு வேண்டியதை மட்டும் பிடித்து வைத்துக்கொள்கிற நினைவு ஒன்று நமக்கு உண்டு. ஒரு போன் நம்பரைக் கேட்டு, அழுத்தி முடிக்கிறவரை அது இருக்கும்; அப்புறம் போய்விடும். அறிஞர்கள் அதை ஒரு சின்ன அலுவலகம் மாதிரி வரைந்திருக்கிறார்கள். மேலே ஒரு மேலாளர், கீழே இரண்டு குமாஸ்தாக்கள். ஒரு குமாஸ்தா காதில் விழுந்ததைத் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். முணுமுணுப்பு நின்றால் இரண்டு நொடியில் விஷயம் கரைந்துவிடும். இன்னொருவர் கண்ணால் கண்டதைப் படமாகப் பிடித்து வைப்பார். மேலாளர் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார். எதைக் கவனிப்பது, எதை விடுவது என்று உத்தரவு போடுவது மட்டும்தான் அவர் வேலை. பல வருடம் கழித்து மூன்றாவதாக ஓர் ஆளையும் சேர்த்தார்கள், இரண்டு பேர் கொடுப்பதையும் பழைய ஞாபகங்களையும் ஒன்றாகக் கோப்பதற்கு. இது அப்படியே எங்கள் பதிவேட்டுப் பிரிவுதான் என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. அந்த மேலாளர் உத்தரவு போடுவதை எப்படிச் செய்கிறார் என்று கேட்டேன். அதுதான் அறிஞர்களுக்கே இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்றார். எந்த அலுவலகத்தில்தான் பிடிபட்டது?

முணுமுணுக்கும் குமாஸ்தா ஒருவர் இருப்பதற்கு என்ன அத்தாட்சி என்றும் கேட்டேன். எண்களைக் கேட்கிற நேரத்தில் ஒருவரை வேறு ஏதாவது ஒரு சொல்லை ஓயாமல் சொல்ல வைத்தால் குமாஸ்தாவின் வாய் அடைபட்டுவிடும், எண்கள் உதிர்ந்துபோகும், ஆய்வுக்கூடத்தில் அப்படித்தான் சோதித்துப் பார்ப்பார்கள் என்றார். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே எந்தப் பைத்தியக்காரன் அப்படிச் செய்வான் என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பின்னால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நடுவில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் மனம் ஆறாது. ஒரு பயிற்சி டாக்டர், தமிழர்களுக்கு மட்டும் எண்ணிக்கை ஒன்றிரண்டு குறைவாகவே வருகிறதே, ஞாபகசக்தி மட்டோ என்று சொல்லிவிட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. டாக்டர் லிம் ஸ்டாப்வாட்சை எடுத்தார். அவர் ஒன்று முதல் ஒன்பது வரை மாண்டரினில் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். நான் ஆறில் இருக்கும்போதே அவர் முடித்துவிட்டார். சீன எண்கள் ஒவ்வொன்றும் ஓரசை, நம்முடையவை நீளம்; இரண்டு நொடி முணுமுணுப்பில் அவர்களுடையது அதிகம் அடங்கும், அவ்வளவுதான், மூளையில் குறை ஒன்றும் இல்லை என்று அந்தப் பையனுக்கு விளக்கினார். அன்றிலிருந்து தமிழர்களுக்குத் தனி அளவுகோல். அன்றைக்குத்தான் அந்த அம்மாவை எனக்குப் பிடித்துப்போனது.

இனி தங்கராசுவுக்கு வருகிறேன். பெயரை மாற்றியிருக்கிறேன். பெரம்பலூர்ப் பக்கத்து ஆள், ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை. பத்து வருடம் கிரேனில் ஏற்றுகிற இரும்புக்குச் சங்கிலி கட்டிக்கொண்டிருந்தவர், சிக்னல்மேன் தேர்வு எழுதி இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தேறினார். கிரேன் ஓட்டுநருக்கு வாக்கிடாக்கியில் வழி சொல்கிறவர்தான் சிக்னல்மேன். அதற்குரிய தனி நிற ஹெல்மெட்டைப் பதினொரு நாள் போட்டிருந்தார். பன்னிரண்டாம் நாள் மேலிருந்து ஒரு மரத்துண்டு இடது பக்கமாக விழுந்தது. அந்த ஹெல்மெட்தான் உயிரைக் காப்பாற்றியது. இரண்டு மாதத்தில் உடம்பு தேறிவிட்டது. ஆனால் வாக்கிடாக்கியில் சொல்வதை ஞாபகம் வைத்துச் செய்ய முடியுமா என்று எங்கள் கடிதம் சொன்னால்தான் வேலை. முடியாது என்று எழுதினால் வேலை பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

காத்திருக்கும் இடத்தில் அவரைப் பார்த்தேன். தேர்வு என்றாலே தனக்குப் பயம் என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு எச்சரிக்கையும் மறந்துபோனது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து, "பயப்படாதீங்க தம்பி. மனசுக்குள்ள முருகன் பேரைச் சொல்லிக்கிட்டே இருங்க, எல்லாம் நல்லபடியா முடியும்" என்றேன். சொல்லிவிட்டு, புண்ணியம் கட்டிக்கொண்ட திருப்தியோடு உள்ளே போனேன்.

எண்கள் நான்குக்கு மேல் ஏறவில்லை. ஐந்தில் இரண்டு வாய்ப்பும் போயிற்று. பின்னாலிருந்து சொல்வதில் இன்னும் மோசம். உதடு மட்டும் விடாமல் அசைந்துகொண்டிருந்தது. பாவம், எண்களைத்தான் முணுமுணுத்துப் பார்க்கிறார் என்று நினைத்து, குறிப்பில் 'நல்ல முயற்சி எடுக்கிறார்' என்று எழுதினேன். ஆனால் பலகையில் ஒட்டிய மரக்கட்டைகளை நான் தொடுகிற வரிசையில் திருப்பித் தொட வேண்டிய சோதனையில் பின்னி எடுத்துவிட்டார். டாக்டர் லிம் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். படம் பிடிக்கும் குமாஸ்தாவுக்கு ஒன்றும் இல்லை, முணுமுணுக்கும் குமாஸ்தா மட்டும் படுத்துவிட்டார். மூளையில் பேச்சுக்குரிய இடம் இடது பக்கம், அடிபட்டதும் இடது பக்கம். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. வாக்கிடாக்கி வேலைக்குத் தகுதியில்லை என்று அறிக்கை தயாரானது. செவ்வாய்க்கிழமை கையெழுத்தாகிப் போக வேண்டியது.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். சிராங்கூன் சாலையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். அதற்குள் யாரோ மேடம், மேடம் என்று கூப்பிட்டார்கள். தங்கராசு. பக்கத்தில் இரண்டு கூட்டாளிகள். நான்தான் தைரியம் சொன்ன மேடம் என்று என்னை அவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்: "நீங்க சொன்னதை நான் விடவே இல்ல மேடம். நீங்க நம்பர் படிச்சப்பகூட ஒரு செகண்ட் நிறுத்தாம முருகா முருகான்னு சொல்லிட்டே இருந்தேன்."

முருங்கைக்காய் கையிலிருந்து நழுவியது. ஆய்வுக்கூடத்துக்கு வெளியே எந்தப் பைத்தியக்காரன் அப்படிச் செய்வான் என்று கேட்டேனே, செய்ய வைத்த பைத்தியக்காரி நான்தான். முணுமுணுக்கும் குமாஸ்தாவுக்கு ஒரு கேடும் இல்லை. அவர் வாயில் நான் முருகனை அடைத்து வைத்துவிட்டு, எண்ணைச் சொல் எண்ணைச் சொல் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பேசாமல் இருந்துவிடலாமா என்றும் நினைத்தேன், பொய் சொல்வானேன். மூன்றாவது எச்சரிக்கை வந்தால் பழையபடி கோப்புத் தூசி தட்டப் போக வேண்டியதுதான். நாம் வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் அந்த மனுஷன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். பெட்டியைக் கட்டும்போதும் மேடம் நல்லவர் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்.

திங்கட்கிழமை காலை டாக்டர் லிம்மின் அறையில் போய் நின்று, ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். பிறகு என்னை உட்காரச் சொல்லி, தனக்கு எண்களை வாசிக்கச் சொன்னார். அவருக்கு ஒன்பது எண் சர்வசாதாரணம், சொல்லிவிட்டார். அடுத்து அந்தச் சொல்லைக் கற்றுக்கொடு என்றார். ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிற அம்மா, அசையாத முகத்தோடு முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே என் எண்களைக் கேட்டார். ஐந்துக்கு மேல் தாண்டவில்லை. ஆறில் இரண்டு முறையும் தடுமாறினார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அறிக்கையை எடுத்துக் கிழித்தார். விதிமீறல் படிவத்தை என் பக்கம் தள்ளி, நடந்ததை வார்த்தை மாறாமல் எழுதச் சொன்னார். 'சோதனையாளர் நோயாளியைச் சாமி பெயர் சொல்லச் சொன்னார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது எச்சரிக்கை வரும் என்று காத்திருந்தேன். நீ இதைச் சொல்லாமல் இருந்திருந்தால்தான் உன்னை அனுப்பியிருப்பேன் என்று மட்டும் சொன்னார்.

அதே எண்களை உடனே மறுபடி வாசிக்க முடியாது, பழகிப்போயிருக்கும். வேறு எண் வரிசை எடுத்து, மூன்று வாரம் தள்ளி நாள் குறித்தோம். கம்பெனி மேனேஜர் நாள் தவறாமல் போன் செய்து, வருமா வராதா, ஆளை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று குடைந்தார்.

குறித்த நாளில் தங்கராசு வந்தார். நடைவழியில் வரும்போதே உதடு அசைகிறது. எனக்குப் பகீரென்றது. டாக்டரின் அனுமதியோடு எல்லாவற்றையும் விளக்கினேன்: முணுமுணுக்கிற குமாஸ்தா, அடைபட்ட வாய், தப்பு என்னுடையது, இன்றைக்கு முருகனுக்கு லீவு. அவர் பவ்யமாகக் கேட்டுக்கொண்டார். உதடு நிற்கவில்லை.

"அப்ப அந்தக் குமாஸ்தா சாமி பேரு சொல்றதுல பிஸியா இருந்திருக்காரு" என்றார்.

"ஆமா தம்பி."

"அப்ப நல்ல குமாஸ்தாதானே மேடம்."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. விஷயம் அதைவிட முற்றிப்போயிருந்தது. யோசித்துப் பார்த்ததில், போன தடவை மரக்கட்டையைத் தொடும்போது மட்டும் அசந்து கொஞ்சம் விட்டுவிட்டாராம், அதனால்தான் மறுபடி கூப்பிட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டியிருக்கிறார். கடிதம் கைக்கு வருகிறவரை விழித்திருக்கும் நேரமெல்லாம் நிறுத்துவதில்லை என்று வேண்டிக்கொண்டுவிட்டாராம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றேன். ஐந்து நிமிஷம் விட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்றேன். கடைசியில் அதட்டியும் பார்த்தேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அந்தரத்துல லோடு தொங்குறப்ப சிக்னல்மேன் இடத்தை விட்டு நகரக் கூடாது மேடம். இன்னொருத்தர் வந்து ஏத்துக்கிட்டாத்தான் போகலாம். அதுதான் எங்களுக்குச் சொல்லிக்குடுத்த முதல் பாடம்."

கதவருகே நின்றிருந்த டாக்டர் லிம், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். டாக்டர், எண்களை வாசிக்கிற நானே முருகன் பேரையும் சொல்ல முடியாது என்பதை எனக்கே ஞாபகப்படுத்திவிட்டு, "அவரிடம் சொல். நான் ஏற்றுக்கொள்கிறேன்" என்றார்.

தங்கராசு லேசில் விட்டுவிடவில்லை. டாக்டரைச் சொல்லச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டார். நெடில் போதவில்லை என்று திருத்தினார். இன்னும் இரண்டு முறை சொல்ல வைத்து, திருப்தியானபிறகு வலது கையைத் தூக்கிக் காட்டினார். டாக்டரும் கையைத் தூக்கினார். அந்த நொடியில் தங்கராசுவின் உதடு நின்றது, டாக்டர் லிம்முடையது ஆரம்பித்தது. சத்தம் வந்தால் சோதனை கெடும் என்பதால், அவர் அறையின் பின்மூலையில் போய் உட்கார்ந்து சத்தமில்லாமல் சொன்னார். தங்கராசு ஒருமுறை திரும்பிப் பார்த்து, ஆள் இடத்தில் இருக்கிறார் என்று உறுதி செய்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

நான் வாசித்தேன். நான்கு வந்தது. ஐந்து வந்தது. ஆறில் முதல் வாய்ப்பு தவறியது. இரண்டாவது வாய்ப்பில் சொல்லிவிட்டார். ஏழு எண்ணை வாசித்துவிட்டு நிமிர்ந்தேன். வாக்கிடாக்கியைப் பிடித்திருக்கிற மாதிரி கையை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏழையும் தட்டுத் தடங்கலில்லாமல் சொன்னார். எட்டில்தான் நின்றார். எங்கள் அளவுகோலில் அது அமோகம்.

அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு, டாக்டரிடம் முடிந்துவிட்டது, நீங்கள் நிறுத்திக்கொள்ளலாம் என்றேன். அவர் மறுத்துத் தலையசைத்தார். உதடு அசைய அசையவே அறிக்கையைத் தட்டச்சு செய்தார். வழக்கமாகப் பத்து நிமிடத்தில் முடிக்கிறவருக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. விதிமீறல் படிவத்தில் 'மேற்பார்வையாளர் பின்மூலையில் ஓசையின்றிப் பிரார்த்தித்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கம்பெனி மேனேஜர் போன் செய்தார். டாக்டர் அதை எடுக்காமல் என் பக்கம் விரலைக் காட்டினார். டாக்டர் முக்கியமான வேலையில் இருக்கிறார், ஆள் வேலைக்கு வருவார் என்று நான் சொல்லி வைத்தேன்.

கடிதம் அச்சாகி வந்தது. டாக்டர் லிம் அதை எடுத்துக்கொண்டு, முணுமுணுத்தபடியே நடைவழியில் நடந்தார். எதிரே வந்த இரண்டு டாக்டர்கள் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் பதில் வராமல் திகைத்து நின்றார்கள். தங்கராசு எழுந்து நின்று இரண்டு கையாலும் காகிதத்தை வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு வலது கையைத் தூக்கினார்.

"லோடு இறங்கிடுச்சு மேடம்" என்றார்.

நான் அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. டாக்டர் லிம்மின் உதடு அப்போதுதான் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, வாசகத்தில் இல்லாத எதையும் பேசாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் டாக்டர் அவரிடம், ஒவ்வொரு சொல்லாக, தனக்குத் தெரிந்த தமிழை எல்லாம் கூட்டி, சாப்பிட்டாச்சா என்று கேட்டார்.